இரவல் ராட்செட்

அந்த ராட்செட்டைக் கையில் வாங்கியதும் என் கொழுந்தனார் முதலில் செய்த காரியம், அதைக் காதருகே கொண்டுபோனதுதான். இடது கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பிடியை மெல்லத் திருப்பினார். கிர்ரென்று ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை திருப்பினார். சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருந்த அந்தச் சாமான் கடையில், சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், என் கணவரின் தம்பி ஓர் இரும்புத் துண்டோடு இரகசியம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய பூட்டுகளை ஆராய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரோடு கடைக்குப் போனால் இப்படித்தான். தர்பூசணியைத் தட்டுவதும் தேங்காயை ஆட்டுவதும் ஊரில் எல்லாரும் செய்வது. இவர் குடை வாங்கப் போனாலும் அதை விரித்து, அதன் கீழே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அன்றைக்கு மிக்ஸி ஜாரைப் பழுதுபார்க்கக் கொடுக்க வந்தவள் நான். வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவராயிற்றே, ஐந்து நிமிடம் அவர் ஆசைக்கு இந்தக் கடையில் நிற்கட்டும் என்று விட்டிருந்தேன். அந்த ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

ராட்செட் என்றால் என்னவென்று எனக்குச் சொன்னதும் அவர்தான். போல்ட்டைக் கழற்ற சாதாரண ஸ்பேனரைப் போட்டால் ஒவ்வொரு திருப்புக்கும் அதை எடுத்து எடுத்து மாட்ட வேண்டும். ராட்செட்டை ஒருமுறை மாட்டினால் போதும். ஒரு பக்கம் திருப்பினால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றும், மறுபக்கம் திருப்பினால் பிடியை விட்டுக் கிர்ரென்று சும்மா திரும்பி வரும். தலைக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் செய்கிற வேலை அது. மலிவான ராட்செட்டில் அந்தப் பற்கள் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றும், முழு பலத்தோடு இழுக்கும்போது வழுக்கினால் விரல் முட்டி இஞ்சினில் போய் மோதும் என்றும் சொல்லியிருந்தார். ஆகவே தலையை அசைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். திசை மாற்றும் சிறு விசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டினார். கடைக்காரரிடம் ஒரு போல்ட்டை வாங்கி, மேசையோரத்து ஓட்டையில் மாட்டி, நிஜமாகவே இறுக்கிக் கழற்றினார். குடும்பத்தோடு போய் ஒருவேளை பரோட்டா தின்னும் செலவுகூட இல்லை அதன் விலை. அதற்கு இத்தனை பரீட்சை. கடைசியில் என்னிடம் திரும்பி, "இம்புட்டுக் கொறஞ்ச வெலைக்கு இது நல்லா இருக்கக் கூடாது மதினி. ஆனா நல்லா இருக்கு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகம் வாடித்தான் போயிருந்தது. அவர் அந்தக் கடைக்கு வந்ததே ராட்செட்டில் ஒரு குறையைக் கண்டுபிடிப்பதற்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். விளாங்குடியில் எங்கள் வீடு மாடி வைத்தது. மேலே நாங்கள், கீழே கொழுந்தனாரும் அவர் மனைவியும். அவளும் நானும் ஓரகத்திகள் என்றாலும் ஒரு வீட்டில் பிறந்தவர்கள்போலச் சண்டை போட்டுக்கொள்வோம், உடனே சேர்ந்துகொள்வோம். கொழுந்தனாருக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. வங்கி விட்டு வந்தால் தண்ணீர் மோட்டார், கோயில் ஜெனரேட்டர், யாருடைய ஸ்கூட்டராவது என்று எதையேனும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். கோயில் என்று நான் சொல்வது எங்கள் தேவாலயத்தை, எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எதிர்வீட்டில் இருந்தவர் எச்.எம். சார். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நூலகத்தில் எடுத்த புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்த பிள்ளையை வராந்தாவில் நிற்க வைப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவருடைய மனைவியை நாங்கள் டீச்சரம்மா என்போம். அந்த அம்மா இருந்தவரை வீட்டு வாசலில் ஆள் இல்லாத நேரம் கிடையாது. டீச்சரம்மா இறந்து, வெளிநாட்டிலிருந்து வந்த மகனும் திரும்பிப் போன பிறகு, சார் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று ஆகிவிட்டது. கோயிலில் கடைசி பெஞ்சு, அதை விட்டால் வீடு. நாங்கள் கொண்டுபோகும் சாப்பாட்டைக் கேட்டருகே வாங்கிக்கொள்வார். மறுநாள் பாத்திரத்தைத் துலக்கி, அதில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் போட்டு, எங்கள் கேட்டருகே நின்று நீட்டுவார். "உள்ள வாங்க சார்" என்றால், "பரவாயில்லம்மா, இன்னொரு நாள்" என்பார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கார் நின்றது. மாதக்கணக்கில் எடுக்காததால் பேட்டரி செத்துக் கிடந்தது. அதைக் கழற்றிக் கொடுக்கத்தான் கொழுந்தனார் தம்முடைய ராட்செட்டை முதன்முதலில் அங்கே எடுத்துக்கொண்டு போனார். நல்ல ராட்செட் அது, முதல் போனஸில் வாங்கியது. பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சார் வந்து பக்கத்தில் நின்றாராம். வாழ்நாளில் சாக்பீஸைத் தவிர வேறு கருவியைத் தொடாத மனிதர், "நான் ஒரு தடவ திருப்பிப் பாக்கட்டுமா தம்பி" என்று கேட்டாராம். திருப்பினார். கிர்ரென்ற சத்தம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. மறுநாள் போனால் அவராகவே இன்னும் இரண்டு போல்ட்டைக் கழற்றி வைத்திருந்தார், எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. டீச்சரம்மா போன பிறகு அந்த மனிதர் எதிலாவது கை வைத்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதல் நாள் மறந்து வைத்துவிட்டு வந்த ராட்செட்டைக் கொழுந்தனார் அங்கேயே விட்டுவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம். ஏணியோ, ஆட்டுக்கல்லோ, கல்யாண வீட்டுக்குக் கொடுத்த பெரிய அண்டாவோ, எதுவானாலும் கொடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு எப்படி அது வீடு வந்து சேரும் என்றால், அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது கொடுத்தவரே போய், வாங்கியவரிடம் அதை இரவலாகக் கேட்க வேண்டும். "ஒங்ககிட்ட ஒரு ஏணி இருந்துச்சுல்ல, கொஞ்சம் குடுக்குறீங்களா?" என்று. வாங்கியவருக்கு அப்போது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்வார், ஏணி வீடு திரும்பும். யாருக்கும் மனம் நோகாது. கொழுந்தனாரும் அப்படித்தான் ஒரு நாள் சாலையைத் தாண்டிப் போய், "சார், ஒரு ராட்செட் இருந்தாக் குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். சார் நாக்கைக் கடிக்கவில்லை. உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து, பழைய தலைமையாசிரியர் குரலில், "வேலை முடிஞ்சதும் மறக்காமக் கொண்டாந்து குடுத்துருங்க தம்பி" என்றார். கொழுந்தனார் தம் ராட்செட்டை வாங்கிக்கொண்டு வந்து, வேலையை முடித்து, நல்ல பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு நானும் ஓரகத்தியும் சிரித்த சிரிப்பில் மேலே இருந்த என் வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று இறங்கி வந்துவிட்டார்.

அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. மாலையில் கொழுந்தனார் சட்டையை மாட்டிக்கொண்டு, "எச்.எம். சார் வீட்டுல ராட்செட் வாங்கிட்டு வாரேன்" என்று கிளம்புவார். ராட்செட் வாங்க ஒரு மணி நேரம், திருப்பிக் கொடுக்க ஒரு மணி நேரம். இடையில் அதை வைத்து அவர் செய்யும் வேலை பத்து நிமிடம்கூட இருக்காது. ஓரகத்திக்கு நாளாக ஆகச் சிரிப்பு வற்றிப்போனது. அவள் கோபத்துக்குக் காரணம் ராட்செட் அல்ல. எங்கள் மாமனார் எழுமலைப் பக்கம் பிறந்தவர். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, ஒரு மண்வெட்டியும் கிடையாது. வேலைக்குப் போகும் காட்டின் சொந்தக்காரர் வீட்டு வாசலில் காலையில் போய் நின்று, அவர்கள் எடுத்துப் போடும்வரை காத்திருந்து, மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போக வேண்டும், பொழுது சாயக் கொண்டுவந்து அதே இடத்தில் வைக்க வேண்டும். மிஷன் விடுதியில் சேர்ந்து படித்து ஆசிரியரான பிறகும் மாமனார் அந்த நிற்பை மறக்கவில்லை. முதல் சம்பளத்தில் அவர் ஒரு மண்வெட்டி வாங்கினார் என்பது எங்கள் வீட்டில் கல்யாணமாகி வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லப்படும் கதை. வேலை செய்ய நிலம் இல்லாமலே வாங்கினாராம். "மாமா நின்னாரு, அதுல ஒரு அர்த்தம் இருக்கு. சொந்தக் காசுல வாங்குனத இன்னொருத்தர் வாசல்ல நின்னு கேக்கணும்னு இவருக்கு என்னக்கா தலையெழுத்து?" என்று ஓரகத்தி ஒரு நாள் என்னிடம் கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

இதற்கிடையில் அந்த நல்ல ராட்செட்டும் நோயாளியாகிவிட்டது. சார் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற முடியாமல் அதன் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, ஏறி மிதித்திருக்கிறார். அது ஜன்மத்தில் செய்யக் கூடாத காரியமாம். பற்கள் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. கொழுந்தனார் விரல் முட்டி இரண்டு தடவை தோல் உரிந்து வந்தார். ஓரகத்தி மருந்து போட்டுக்கொண்டே, மலிவாகவாவது புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள், இனிமேல் யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குச் சொன்ன பதில், மலிவு ராட்செட் உருப்படாது, பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது. பார்க்க வந்த இடத்தில்தான் அது நன்றாக இருந்து தொலைத்தது.

கடைக்காரர் அவர் தயக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார். "அண்ணே, ஒங்களுக்காக இன்னுங் கொஞ்சம் கொறச்சுக்கிறேன்" என்றார். கொழுந்தனார் முகத்தில் இன்னும் ஒரு சுற்றுக் கலக்கம். இனி எந்தச் சாக்கும் மிச்சமில்லை. ராட்செட்டைத் துடைத்து, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல டப்பாவில் வைத்து, மேசைமேல் நகர்த்தினார். "அப்பறம் வாரேண்ணே" என்று இறங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. சாலையோரத்தில் ஒரு வண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கையில் கொடுத்து, நிறுத்திக் கேட்டேன். இவ்வளவு நல்லதை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள், அவளுக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்றேன். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அத வாங்கிட்டா எச்.எம். சார் வீட்டுக்கு என்னத்தச் சொல்லிட்டு மதினி போறது?" என்றார். சும்மா போய் உட்கார வேண்டியதுதானே என்றேன். சும்மா போனால் பாவம் பார்த்து வந்திருக்கிறான் என்று சாருக்குத் தெரிந்துவிடும், கேட்டைப் பூட்டிக்கொள்வார், ராட்செட் கேட்டுப் போனால் அவர் கொடுக்கிறவர் என்றார். நான் என் பருத்திப்பாலைக் குடித்து முடித்தேன். அவர் மேல் எனக்கு அன்று வந்த மரியாதையை அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் அவர் சொன்னது, கடையில் இருந்ததில் ஒன்றும் சரியில்லை என்று. நானும் பூட்டுகளைப் பற்றி ஏதோ பேசி வைத்தேன். ஆனால் ஓரகத்தியிடம் ஒன்றை ஒளிக்க முடியுமா. மறுவாரம் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது என்னை மடக்கி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன். போர்வையின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்து, மற்ற இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு, நன்றாக உதறினாள். கடைக்கு எந்தச் சந்து என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாளில் அதே ராட்செட் அவர்கள் சாப்பாட்டு மேசைமேல் இருந்தது. கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தாராம். அவள் அதைத் துணியில் சுற்றி, பீரோவில் தன் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். "நீங்க எப்பவும்போலப் போயிட்டு வாங்க" என்று சொல்லியும் விட்டாள். அப்படியானால் எதற்கு வாங்கினாள் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவர் பழையபடி சட்டையை மாட்டிக்கொண்டு சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவள் வாசல்வரை வந்து அனுப்பி வைத்தாள்.

காரணம் புரிந்தது ஒரு நாள் மத்தியானம். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு அன்று விடுமுறை, கீழே அவளோடு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கேட்டருகே சத்தம் கேட்டு நிமிர்ந்தால் எச்.எம். சார். கையில் பாத்திரம் இல்லை. சட்டையில் கிரீஸ், புறங்கையில் ஒரு சிராய்ப்பு. "தம்பி இல்லையாம்மா?" என்றார். வங்கிக்குப் போயிருக்கிறார் என்றோம். போகாமல் நின்றார். "எங்கிட்ட இருந்த ராட்செட் இன்னைக்கு அடியோட போயிருச்சு. பாதியில காரப் பிரிச்சுப் போட்டுட்டேன். ஒங்க வீட்டுல ஒண்ணு இருந்தா…" என்று இழுத்தார். பள்ளியையே நடுங்க வைத்த மனிதர், ஒரு பொருள் கேட்கத் தெரியாமல் இரும்புக் கேட்டின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். ஓரகத்தி மடியிலிருந்த கீரையை உதறிவிட்டு எழுந்தாள். "அங்கன நிக்காதீங்க சார். எங்க வீட்டு வாசல்ல யாரும் நின்னுக்கிட்டுக் கேக்கக் கூடாது. உள்ள வாங்க" என்றாள். கெஞ்சலும் இல்லை, உபசாரமும் இல்லை, ஒரு வீட்டுச் சட்டத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

பீரோச் சாவியைத் தேடுவதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரம் நான் அறிந்து எந்தச் சாவிக்கும் எடுத்ததில்லை. அதற்குள் இலை போட்டு, சோறு வைத்து, கீரைக்குப் பதில் அவசரத்துக்கு ஒரு முட்டைப் பொரியலும் செய்தாயிற்று. சார் முதலில் கூச்சத்தோடும் பிறகு பசியோடும் சாப்பிட்டார். இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கினார். ரசத்தில் டீச்சரம்மா பூண்டைத் தட்டிப் போடுவார், நீங்கள் நறுக்கிப் போடுகிறீர்கள் என்று குறையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அடுப்படியில் வைத்து ஓரகத்தி என் காதில் மெல்லச் சொன்னாள்: "அந்தப் பழசு என்னைக்காச்சும் ஒடயும்னு தெரியுங்க்கா. அம்புட்டு நாளும் நம்மதான போனோம், ஒரு நாளாச்சும் அவரு வரட்டுமேன்னுதான் வாங்கி வச்சேன்." சாலையைத் தாண்ட ஒரு சாக்கு வேண்டுமென்று கொழுந்தனார் யோசித்தார். தாண்ட வேண்டியவர் யார் என்று இவள் யோசித்திருக்கிறாள்.

அன்றைக்குக் கொழுந்தனார் ஏதோ காகிதத்தை மறந்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். வண்டி சத்தம் கேட்டது, ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், கேட்டைத் திறந்த கையோடு அப்படியே நிற்கிறார். ஏன் தம்பி நிற்கிறீர்கள் என்றேன். "ஒண்ணுமில்ல மதினி" என்றார். பிறகு வாசற்படியருகே கிடந்த சாரின் செருப்பைக் காட்டி, "இதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் ஈரமாக இருந்தது.

கொழுந்தனாருக்குப் போன வருடம் ஓசூருக்கு மாற்றல் வந்தது. சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு ஓரகத்தி மாடிக்கு வந்து, அந்த மலிவு ராட்செட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒரு போல்ட்டையும் கழற்றத் தெரியாது. ஆனாலும் வாங்கி, பிரிட்ஜின் மேல், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். இத்தனை நாளாகியும் பற்கள் ஒன்றும் தேயவில்லை. கொழுந்தனார் போனில் பேசினால் முதலில் சார் எப்படி இருக்கிறார் என்பார், அடுத்து ராட்செட் எப்படி இருக்கிறது என்பார். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான்.

நேற்றுப் பகலில் சார் மாடிப்படி ஏறி வந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுகிறார் இப்போது. மூச்சு வாங்கிக்கொண்டு, "ராட்செட் இருக்காம்மா? ஒரு சின்ன வேல" என்றார். அவர் காரை விற்றுப் பல மாதமாகிறது. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனபோது நானும் அவரும் சேர்ந்து நின்றுதான் கையசைத்தோம். "இருக்கு சார், எங்க வச்சேன்னு தேடணும், உக்காருங்க" என்றேன். பிரிட்ஜின் மேல் அது அவர் முகத்துக்கு நேராகவே இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டார். நான் குக்கரில் இன்னொரு பிடி அரிசியைக் களைந்து போட்டேன்.